எட்டாவது அடுக்கு

அம்மா விழுந்தது ஒரு புதன்கிழமை காலை, ஆறே முக்காலுக்கு. நாங்கள் குடியிருந்தது இரண்டாவது மாடி. வெளிப்புறமாக ஓடும் இரும்புப் படிக்கட்டின் திருப்பத்தில் நின்று, செருப்பு வாரை மாட்டுவதற்காகக் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்திருக்கிறாள். கம்பி அவளோடு சேர்ந்து போய்விட்டது. கீழே ஒன்பது அடியில் சிமென்ட் தரை. காலூன்றி விழுந்ததால் தலை தப்பியது என்று எல்லோரும் சொன்னார்கள். இடது குதிகால் எலும்பு மூன்று துண்டாகியிருந்தது.

அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். எட்டு மணி நேரமும் நின்று செய்யும் வேலை. எலும்பு கூடினால் நடக்கலாம், ஆனால் நாள் முழுக்க நிற்க முடியாது என்றார் மருத்துவர். உட்கார்ந்து செய்கிற வேலையாக மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

"உட்கார்ந்துகிட்டு இஸ்திரி போட்ட சட்டையை எவன் போட்டுக்குவான்?" என்றாள் அம்மா.

மருத்துவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அன்று அவளைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர். அந்தக் கட்டடத்தில் ஆறு குடித்தனங்கள். ஆறு வீட்டிலும் அவருக்கு ஒரே பெயர்: 'பார்க்கலாம்'. குழாய் ஒழுகுகிறது என்றால் பார்க்கலாம். சுவரில் ஈரம் ஏறுகிறது என்றால் பார்க்கலாம். எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். எழுதினால் அந்நியமாகிவிடுமாம். அப்பாவைத் தம்பி என்பார், அம்மாவைத் தங்கச்சி என்பார், இருபத்து மூன்று வயதான என்னைப் பாப்பா என்பார். அண்ணன் தம்பிக்குள் எதற்குக் கடிதாசி என்று கேட்பார். யாரும் எழுதவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் அருகில் நின்று, "தங்கச்சி, என் வீட்டுல நடந்தது, நான் பார்த்துக்கறேன்" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அம்மா என்னிடம் சொன்னாள்: "பார்க்கலாம்னு சொல்லாம பார்த்துக்கறேங்கறாரு. அப்ப நெஜமாவே பெரிய அடிதான் போல."

மூன்று வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அவருடைய வக்கீல் எழுதியது. கைப்பிடிக் கம்பி நல்ல நிலையில் இருந்தது. அதில் பழுது இருப்பதாக வீட்டு உரிமையாளருக்கு யாரும் எப்போதும் தெரிவிக்கவில்லை. குடியிருப்பவர்கள் அதன்மேல் ஈரக் கம்பளிகளைக் காயப்போட்டதால் முறிந்திருக்கலாம்.

எங்களிடம் கம்பளியே கிடையாது.

வீட்டு வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் அலுவலகம் ஒன்று இருந்தது. நானும் அப்பாவும் போனோம். அங்கே உதவி அலுவலராக இருந்த பெண் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். விழுந்ததையோ, கால் உடைந்ததையோ யாரும் மறுக்கப்போவதில்லை. பொதுப் படிக்கட்டைப் பராமரிப்பது வீட்டுக்காரர் பொறுப்புத்தான், அதையும் மறுக்கப்போவதில்லை.

"கம்பி கெட்டிருக்குன்னு அவருக்குத் தெரியும், தெரிஞ்சும் விட்டுட்டாரு. இதைக் காட்டணும். இது ஒண்ணுதான் கேஸே. யாராவது அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?"

ஆடுகிற படிக்கட்டுப் பலகையைப் பற்றி அம்மா மூன்று முறை சொல்லியிருக்கிறாள். கம்பியைப் பற்றி யாரும் சொன்னதில்லை. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. விபத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நான் அப்படியே சொன்னேன். அப்பா சுவரில் ஒட்டியிருந்த அலுவலக நேரம், விடுமுறை நாட்கள் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று நாளில் விசாரணை என்று தேதி கொடுத்தார்கள்.

எனக்குப் பேச வராது. நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லச் சொன்னாலும் குரல் எழும்பாது. ஆனால் ஒரு பெயின்ட் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வேதியியல் படித்ததற்குக் கிடைத்த வேலை. ஒவ்வொரு தொகுதிப் பெயின்ட்டும் டின்னில் அடைபடுவதற்கு முன் என் மேசைக்கு வரும். அட்டையில் இழுத்துக் காயவைத்து, மூல நிறத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்து, ஒத்துப்போனால் கையெழுத்து, இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவேன். பேசவேண்டிய அவசியமே இல்லை. சில சமயம் பெயின்ட் உரிந்த புகார்கள் வரும். உரிந்த சில்லைத் தெளிவான பிசினில் பதித்து, கெட்டியானதும் குறுக்காக அறுத்து, மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், ஒரு சுவருக்கு எத்தனை முறை, எதன்மேல், என்ன பூசினார்கள் என்பது கேக் துண்டு மாதிரி தெரியும்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது, முறிந்த கம்பியின் வாயிலிருந்து நகத்தளவு ஒரு சில்லைப் பெயர்த்துக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போனேன்.

சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். எட்டு அடுக்குகள் இருந்தன. இரும்பை ஒட்டிச் சிவப்புப் பிரைமர். அதன்மேல் நீலம். அதன்மேல் துரு. துருவின் மேல் மஞ்சள் நிறத்தில் பட்டி, ஓட்டைகளை அடைக்கப் பூசும் பசை. அதன்மேல் க்ரீம். மறுபடி துரு. மறுபடி பட்டி, இந்த முறை வெள்ளை. எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாலு வருடத்துக்கு முன் நாங்கள் குடிவந்தபோது படிக்கட்டு புத்தம் புது க்ரீம் நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அம்மா வீட்டைப் பிடித்தாள். அந்த க்ரீமுக்கு அடியில் துருவும் பட்டியும். அப்படியென்றால் நாங்கள் வருவதற்கு முன்பே கம்பி ஓட்டையாகிவிட்டது. ஓட்டையைப் பார்த்துத்தான் அடைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் கேட்டது இதைத்தான்.

பிறகு சாம்பல் அடுக்கைக் கூர்மையாக்கிப் பார்த்தேன். அதற்குள் சின்னச் சின்ன வெள்ளிச் செதில்கள் மின்னின.

அவை எனக்குத் தெரிந்த செதில்கள். எட்டு மாதத்துக்கு முன், சரியாகக் கழுவாத கலனில் ஒரு சாம்பல் தொகுதியைக் கலக்கிவிட்டார்கள். முந்தைய நாள் அதில் ஓடிய அலுமினியப் பெயின்ட்டின் மிச்சம் சேர்ந்துவிட்டது. நான்தான் அதைத் திருப்பி அனுப்பினேன். அந்தத் தொகுதி முழுவதையும் கறுப்பாக மாற்றிவிட்டார்கள். என் மேசையிலிருந்த இரண்டு மாதிரி டின்கள் மட்டும் மிஞ்சின. சமையலறை அலமாரிக்கு ஆகும் என்று வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஒன்று அலமாரிக்குத் தீர்ந்தது. இன்னொன்று பரணில் இருந்தது.

அன்று சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணைப் பார்த்தேன். டின் இல்லை.

என்னடி தேடற என்று கட்டிலிலிருந்து அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

இரண்டு மாதமாக அந்தக் கம்பியைக் கடந்து போயிருக்கிறேன். பக்கத்துக் கட்டடத்தின் முதுகு மறைப்பதால் அந்தப் படிக்கட்டில் வெயில் விழாது. செதில்கள் கண்ணில் படாததற்கு அது மட்டும் காரணமில்லை. நாள் முழுக்க நிறம் பார்ப்பவள் வெளியே வந்தால் எதையும் பார்ப்பதில்லை. வீட்டுக்காரரின் ஆள் வந்து அடித்துவிட்டுப் போனான், இரண்டு நாள் சுவர்ப் பக்கமாக நடங்கள், ஒட்டிக்கொள்ளும் என்று அப்பா எங்களிடம் சொல்லியிருந்தார். நானும் அம்மாவும் இரண்டு நாள் சுவர்ப் பக்கமாக நடந்தோம்.

அப்பா ஒரு ஜவுளிக் கடையில் லிப்ட் இயக்குகிறார். நான்கு மாடிக் கடை. சாம்பல் சீருடை, ஒரு மர முக்காலி. "உங்க அப்பா ஒரு நாளைக்கு நூறு மாடி ஏறுவாரு, வாழ்க்கையில மட்டும் ஒரு படி ஏறமாட்டாரு" என்று அம்மா அவர் காதுபடவே சொல்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். நின்று கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுப்பார், அப்புறம் அம்மா போய்த் திருப்பி வாங்கி வருவாள்.

மறுநாள் பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போய் லிப்டில் ஏறினேன். எனக்குப் பின்னால் பைகளோடு ஒரு கணவனும் மனைவியும் ஏறினார்கள்.

"என்ன கண்ணு, இந்த நேரத்துல? அம்மாவுக்கு ஏதாவது...?"

இல்லை என்றேன். பைக்காரர்கள் இரண்டாவது மாடியில் இறங்கினார்கள். கதவு மூடியதும், கம்பிக்குக் கடைசியாகப் பெயின்ட் அடித்தது யார் என்று கேட்டேன். வீட்டுக்காரர் ஆள் என்றார். அதற்குள் மூன்றாவது மாடி வந்துவிட்டது. "சின்னப் பிள்ளைங்க துணி" என்று வழக்கம்போலச் சொன்னார். வெளியே யாரும் இல்லை. கதவு தானாக மூடியது.

"அது நான் கொண்டுவந்த பெயின்ட்ப்பா" என்றேன்.

அவர் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. லிப்ட் அங்கேயே நின்றது. கீழிருந்து யாரோ அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு சொன்னார். கட்டடத்தின் மேல் கடன் வாங்குவதற்காக வங்கியிலிருந்து ஒரு ஆள் பார்க்க வருவதாக இருந்ததாம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நானும் அம்மாவும் கடைக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டுக்காரர் அப்பாவைப் படிக்கட்டுத் திருப்பத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஓட்டைக்குள்ள சுண்டுவிரலை விட்டுக் காட்டினாரு. மழை முடிஞ்சதும் மொத்தமா மாத்திடலாம் தம்பி, அதுவரைக்கும் கண்ணுக்குத் தெரியாம பண்ணிடுங்கன்னாரு. வெளி ஆளைக் கூப்பிட்டா ஊருக்கே சொல்லிடுவான், இந்தக் கட்டடத்துல நான் நம்பறது உங்களை மட்டும்தான்னாரு."

"நீங்க சரின்னீங்க."

"என்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல கண்ணு."

அவரே பட்டி வாங்கிவந்து அடைத்திருக்கிறார். பெயின்ட் வாங்கவில்லை, பரணில் இருந்தது. அம்மாவிடமாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அவள் அப்போதே கீழே இறங்கிப்போய்ச் சண்டை போட்டிருப்பாள், அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்றார். அதனால்தான் ஈரப் பெயின்ட் என்று சொன்னேன் என்றார்.

"ரெண்டு நாள் கழிச்சு என்ன சொல்றதுன்னு தெரியல."

அவர் இரண்டு மாதமும் சுவர்ப் பக்கமாகத்தான் நடந்தார். இப்போது நினைத்தால் தெரிகிறது. காலையில் எனக்கு முன்னால் தோள் சுவரில் உரசுகிற மாதிரி இறங்குவார். சீருடையின் வலது தோளில் எப்போதும் சுண்ணாம்பு இருக்கும். அம்மா திட்டிக்கொண்டே துவைப்பாள்.

சில்லில் இருப்பதைச் சொன்னேன். க்ரீமுக்கு அடியிலும் பட்டி இருக்கிறது, அவர் முன்பே இதைச் செய்திருக்கிறார், அதைக் காட்டிவிடலாம் என்றேன். ஆனால் மேலே நீங்களும் இருக்கிறீர்கள் என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல இருக்கறதை மட்டும் தேய்ச்சு எடுத்துட முடியாதா?"

"முடியும்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உடனே தலையை ஆட்டினார். வேண்டாம், நீ அதெல்லாம் செய்யாதே, விசாரணைக்கு முன்னால் நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன், என் வாயால் சொன்னால்தான் சரி என்றார். நீ மட்டும் அதுவரை வாயைத் திறக்காதே என்றார். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் தரைத்தளத்துக்கு அழுத்தினார். கதவு திறந்தபோது ஏழெட்டுப் பேர் கோபமாக நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்குக் கஷ்டமான காரியமும் இல்லை.

அவர் ஒவ்வொரு நாளும் சொல்லப்போவது போலவே இருந்தது. வேலையிலிருந்து வந்ததும் அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து, கட்டு அவிழாமல் விரல்களை மட்டும் வெந்நீரில் துடைத்துவிடுவார். வாயைத் திறப்பார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். அம்மாவுக்கு ஒரே பெருமை. கால் உடைந்தால்தான் இந்த வீட்டில் பொம்பளைக்கு மரியாதை என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னாள். இப்படி ஒரு மனுஷனைப் போய் இத்தனை நாள் பேசினேனே என்றும் சொன்னாள். அப்போது அப்பா அங்கே இருந்தார். எழுந்து கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

விசாரணையில் என்ன பேசுவது என்று அம்மா என்னை எதிரில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். அலுவலர் கேட்பது போல நான் கேட்க வேண்டும். கம்பி கெட்டிருப்பது உங்களுக்குத் தெரியுமா என்று நான் கேட்பேன். "தெரிஞ்சிருந்தா அதுமேல சாய்வேனாங்க?" என்பாள். நல்லா இருக்கா என்று கேட்பாள். நல்லா இருக்கு என்பேன்.

சில்லை நான் தேய்க்கவில்லை. மாதிரியின்மேல் கை வைப்பதில்லை என்பது எங்கள் ஆய்வகத்தில் முதல் நாள் சொல்லித்தருவது. லிப்டில் பேசிய அன்றே, நுண்ணோக்கியில் எடுத்த படத்தைக் கணினியில் திறந்தேன். இரும்பிலிருந்து ஆறாவது அடுக்கு வரை வைத்துக்கொண்டு, அதற்கு மேலே உள்ளதை வெட்டினேன். ஆறு போதும். அப்பா சொன்ன பிறகு முழுப் படத்தைக் கொடுத்துக்கொள்ளலாம். சொல்லாவிட்டாலும் அம்மாவின் பக்கம் நிரூபணம் ஆகிவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. தேய்ப்பதற்கும் வெட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றியது. அச்செடுத்து உறையில் போட்டுவைத்தேன்.

லிப்டில் பேசியதிலிருந்து பதினோராவது நாள் விசாரணை. ஆட்டோவில் போகும்போது நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நீளமான மேசை ஒன்று. அலுவலர் தாழ்ந்த குரலில் பேசுகிறவர். வீட்டுக்காரரும் அவருடைய வக்கீலும் ஒரு பக்கம், நாங்கள் மூன்று பேரும் மறுபக்கம். உட்கார்ந்ததுமே வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்து, வலி எப்படி இருக்கிறது தங்கச்சி என்று கேட்டார். "பரவாயில்லண்ணே" என்று அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வக்கீல் எதையோ குறித்துக்கொண்டார்.

அம்மாவைக் கேட்டார்கள். ஒத்திகையில் சொன்னதை அப்படியே சொன்னாள். வீட்டுக்காரரைக் கேட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பார்க்காமல் இருப்பேனா என்றார். பிறகு அலுவலர், உங்கள் தரப்பில் வேறு ஏதாவது உண்டா என்றார்.

நான் எழுந்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். முதல் வாக்கியம் எனக்கே கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாக என்றார் அலுவலர். படத்தை அவர் முன்னால் வைத்து ஒவ்வொரு அடுக்காகச் சொன்னேன். பிரைமர், நீலம், துரு, பட்டி, க்ரீம், துரு. நான்காவது அடுக்குக்கு வந்தபோது என் குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கல்லூரியில் பரிசு வாங்கியபோதுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"அதாவது, க்ரீம் பெயின்ட் அடிக்கும்போதே ஓட்டை இருந்திருக்கு. அடைச்சிட்டு அடிச்சிருக்காங்க" என்றார் அலுவலர். வீட்டுக்காரரைப் பார்த்து, அப்போது அடிக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

வீட்டுக்காரர் தன் வக்கீலைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். அது ஒரு பழைய பெயின்டரிடம் விட்ட வேலை, அவன் உள்ளே என்ன செய்தான் என்று தனக்குத் தெரியாது என்றார். கொஞ்சம் நிறுத்தினார். நாற்காலியில் திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

"ஆனா கடைசியா அடிச்சது யாருன்னு இவங்க வீட்டு ஆளையே கேளுங்க. ஓட்டையைக் கண்ணால பார்த்து, தன் கையால அடைச்சவரு அவரு. தானா ஆசைப்பட்டு அடிச்சாரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கட்டின பொண்டாட்டிகிட்டயும் சொல்லலை போலிருக்கு."

அவர் குரலில் வருத்தம் இருந்தது. தன்னை யாரோ ஏமாற்றிவிட்டது போல அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அம்மா முதலில் சிரித்தாள். வக்கீல் சொல்லிக்கொடுத்த பொய் என்றுதான் நினைத்தாள். என்னங்க இப்படிப் பேசறாரு, சொல்லுங்க என்று அப்பாவின் முழங்கையைத் தட்டினாள்.

அப்பா எழுந்தார்.

"நீங்கதானேண்ணே சொன்னீங்க" என்றார். அலுவலரிடம் அல்ல, வீட்டுக்காரரிடம். "உங்களை மட்டும்தான் நம்பறேன்னு சொன்னீங்களே."

அம்மாவின் கை அவர் முழங்கையிலிருந்து கீழே விழுந்தது.

இந்தப் பக்கம் பார்த்துப் பேசுங்கள் என்றார் அலுவலர். அப்பா திரும்பி எல்லாவற்றையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, சுண்டுவிரல், மழை, வங்கி ஆள். அவர் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. பதினொரு நாளாக உள்ளே வைத்துப் பழகியிருப்பார் போல. அம்மாவின் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை. உடன் வேறு யாராவது இருந்தார்களா என்று அலுவலர் கேட்டார். இல்லை. அப்படியென்றால் நீங்கள் சொல்வது ஒன்று, அவர் சொல்வது ஒன்று என்றார்.

பிறகு படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இவரு அடிச்சேன்னு சொல்ற பெயின்ட் இதுல இல்லையேம்மா."

நான் எழுந்து நின்றேன்.

"மேல் பக்கம் நேர்கோடா முடியுது. மத்த மூணு பக்கமும் இப்படி இல்ல. யாரு வெட்டினது?"

"நான்தான்."

"எப்போ?"

"பதினொரு நாளைக்கு முன்னாடி."

"அப்ப அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றேன். இந்த முறை சத்தமாகச் சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை. அறையில் எல்லோருக்கும் கேட்டது.

சில்லைப் பதித்திருந்த பிசின் கட்டியைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். கட்டைவிரல் அளவு. இதில் எட்டு அடுக்கும் இருக்கிறது, இதை யாரும் தொடவில்லை என்றேன். அலுவலர் அதை வாங்கி ஒரு உறையில் போட்டு ஒட்டினார். வேறு ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்குவோம், கம்பியையும் ஒரு பொறியாளர் வந்து பார்ப்பார், அதுவரை ஒத்திவைக்கிறேன் என்றார். வக்கீல் இப்போது நிறைய எழுதிக்கொண்டிருந்தார். உதவி அலுவலர் வாசல் வரை வந்து, அடியில் இருக்கும் பட்டியே அவரை மாட்டிவிடும், கவலைப்படாதீர்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, முழுசாகவே கொடுத்திருக்கலாமே, ஒருமுறை வெட்டிய கை என்று அவர்கள் கடைசி வரை சொல்லுவார்களே என்றார்.

புறப்படும் முன் அம்மா அந்தப் படத்தைக் கேட்டாள். அலுவலர் கொடுத்தார். அவள் அடுக்குகளைப் பார்க்கவில்லை. மேல் விளிம்பில் கட்டைவிரலை வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாகத் தடவினாள். துணியின் மடிப்பு நேராக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆட்டோவில் வந்து வீட்டு வாசலில் இறங்கினோம். மேலே போக அம்மாவுக்கு ஒரே வழிதான் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அப்பா முதுகுப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்புறமாக ஏறுவார், நான் கீழே நின்று முன்கால்களைத் தூக்குவேன். காலையில் அப்படித்தான் இறக்கினோம். பக்கத்து வீட்டுப் பெண் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, என்ன ஆச்சு, ஜெயிச்சிட்டீங்களா என்று கேட்டாள். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா ஏதோ சொல்ல வந்தார். அம்மா அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"உங்க அப்பாவைப் பத்தி எனக்குத் தெரியும்டி" என்றாள் என்னிடம். "எவன் கேட்டாலும் இல்லைன்னு சொல்லத் தெரியாது. இருபத்தாறு வருஷமா அதுகூடத்தானே குடும்பம் நடத்தறேன். உன்னைத்தான் தெரியாம இருந்திருக்கேன்."

அப்பாவே சொல்கிறேன் என்றார், அதனால்தான் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் படத்தை வெட்டச் சொன்னது அவர் இல்லை.

"தெனம் எதிர்ல உட்கார்ந்து, கம்பி கெட்டிருக்கறது உங்களுக்குத் தெரியுமான்னு என்கிட்டயே கேட்டியே. நல்லா இருக்குன்னியே."

அவள் தானாகவே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி முன்னால் நீட்டினாள். எப்போதும் ஏறும்போது ஒரு கையை என் தோளில் வைத்துக்கொள்வாள். இன்று நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தூக்குங்க" என்றாள்.

தூக்கினோம்.